பாஸ்போர்ட் கப்பலிலா, கையிலா?

சொகுசுக் கப்பலில் போய் வந்தவர்களும் போகவிருப்பவர்களும் எழுதிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த வாரக் கேள்விகள் அனைத்தும் துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றும் நேரத்தில் பயண ஆவணங்களை எப்படிக் காப்பது என்பதைப் பற்றியவை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் வழியாகச் செல்லும் கப்பலில் முன்பதிவு செய்திருக்கிறோம். இறங்கும் இடமெல்லாம் அசல் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும் என்கிறார் பயண முகவர். அது சரியா? (கோயம்புத்தூர் வாசகர்)

முகவர் உங்களோடு கப்பலில் வரப்போவதில்லை என்பதால் அவருக்கு அப்படிச் சொல்வது எளிது. நீங்கள் குறிப்பிட்டுள்ள துறைமுகங்கள் எல்லாம், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பவை. அதனால் ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வழக்கமாகக் குடியேற்றச் சோதனை இருப்பதில்லை. இறங்கவும் திரும்ப ஏறவும் கப்பல் தந்த அட்டையே முக்கியம். முந்தைய நாள் மாலை உங்கள் கேபினுக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில், மறுநாள் துறைமுகத்தில் அசல் பாஸ்போர்ட் தேவையா என்று குறிப்பிட்டிருப்பார்கள். தேவை என்றால் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் அது கேபின் லாக்கரிலேயே இருக்கட்டும். சில நிறுவனங்கள் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு.

அதற்காக வெறுங்கையோடு இறங்கிவிடாதீர்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அதிகாரி கேட்டால் தன்னை அடையாளம் காட்டும் கடமை வெளிநாட்டவருக்கு உண்டு. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கம், விசா ஒட்டிய பக்கம் ஆகிய மூன்றின் ஜெராக்ஸையும், படம் ஒட்டிய வேறொரு அடையாள அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவில் கொலம்பஸ் தூணைத் தாண்டி லா ராம்ப்லா தெருவுக்குள் நுழைந்ததும், உங்கள் சட்டையில் பறவை எச்சம் விழுந்திருப்பதாகச் சொல்லிக் கைக்குட்டையோடு ஒருவர் துடைக்க வந்தால், அவர் துடைப்பது சட்டையை மட்டுமல்ல என்று தெரிந்துகொண்டு விலகி நடங்கள்.

இன்னொன்று. துருக்கியின் குசாதாசி போன்ற ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ள துறைமுகம் பாதையில் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். அங்கே போய்த் திரும்பப் பலமுறை நுழைவு அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். இதைப் பணம் கட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கப்பலில் வைத்துவிட்டு இறங்கி, திரும்புவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டால், பாஸ்போர்ட்டும் போய்விடுமே? (புதுச்சேரி வாசகி)

நியாயமான அச்சம். உரிய நேரத்தில் ஒரு பயணி ஏறவில்லை என்பது அட்டைப் பதிவிலேயே கப்பலுக்குத் தெரிந்துவிடும். அப்போது ஊழியர்கள் அவருடைய கேபினுக்குச் சென்று லாக்கரைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுகத்தில் உள்ள தங்கள் முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது பல நிறுவனங்களின் வழக்கம். உங்கள் நிறுவனமும் அப்படிச் செய்யுமா என்பதை ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள். அந்த முகவரின் தொலைபேசி எண் அன்றாடத் தாளில் அச்சாகியிருக்கும். இறங்கும் முன் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, எண்ணை ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலைத் தவறவிடுபவர்களில் பலர் கடிகாரத்தால் ஏமாறுபவர்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கும் நாட்களில், கைப்பேசி தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும்; கப்பலோ தன் நேரப்படியே புறப்பட்டுவிடும். சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ஒரு ரயில் தவறினாலும் சிக்கல்தான். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போயிருந்தால் பொதுவாகக் காத்திருப்பார்கள். சொந்த ஏற்பாட்டில் போனவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டில் உள்ள தகவலை வழிப்போக்கர்கள் கருவி வைத்துத் திருடாமல் தடுக்கும் சிறப்புப் பை என்று சொல்லி, ஒன்று 1,800 ரூபாய் வீதம் நான்கு பைகளை விற்றுவிட்டார்கள். இவை உண்மையில் பயன்படுமா? (நாகர்கோவில் வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் நெடுநாளாகக் காத்திருந்தேன்.

முதலில் உங்கள் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பாருங்கள். முன்பக்கத்தில் மின்னணுச் சில்லைக் (சிப்) குறிக்கும் சிறிய பொன்னிறச் சின்னம் இல்லையென்றால், அதற்குள் சில்லே இல்லை. தொலைவிலிருந்து திருடவும் ஒன்றும் இல்லை. சென்னை மண்டல அலுவலகம் சில்லு பதித்த பாஸ்போர்ட்டுகளை வழங்கத் தொடங்கியதே 2025 மார்ச்சில்தான். அதற்கு முன் வாங்கிய சாதாரண பாஸ்போர்ட்டுக்கு இந்தப் பையை விற்பது, கிணறே இல்லாத வீட்டுக்கு மோட்டார் விற்பதைப் போன்றது.

சில்லு இருந்தாலும் அது கேட்டவருக்கெல்லாம் வாய் திறக்காது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஆகியவை படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகளில் அச்சாகியிருக்கின்றன. கருவி அந்த வரிகளைப் படித்து, அவற்றிலிருந்து திறவுகோலை உருவாக்கினால்தான் சில்லு பதில் சொல்லும். மூடிய பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்திருக்கும் ஒருவரை உரசிக்கொண்டு போகிறவர் அந்த வரிகளைப் பார்க்க முடியாது.

வங்கி அட்டைகளுக்காவது இந்தப் பை உதவுமே என்று விற்பவர் அடுத்து சொல்வார். தொடாமல் பணம் செலுத்தும் அட்டை சில சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் பேசும். அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணை அது வெளியிடுவதில்லை. அப்படியும் கவலையாக இருந்தால், அந்த வசதியை வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். அட்டைதாரருக்கு இந்த வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

துறைமுகச் சந்துகளில் திருடுபவரிடம் மின்னணுக் கருவி எதுவும் இருப்பதில்லை. இரண்டு விரல்களும், உங்கள் கவனத்தைத் திருப்ப ஒரு கூட்டாளியும் அவருக்குப் போதும். நானும் ஒரு விமான நிலையக் கடையில் இப்படியொரு பர்ஸ் வாங்கியவன்தான். உலோகத் தாள் வைத்துத் தைத்த அந்தப் பர்ஸ், கால்சட்டைப் பையில் செங்கல்லைப் போலப் புடைத்து நின்று, பணம் எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கே அறிவித்தது. பிறகு வாங்கிய கழுத்துப் பை வியர்வையில் நனைந்து, உள்ளே இருந்த ஜெராக்ஸின் மையைக் கரைத்துவிட்டது.

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், இதில் வெட்கப்பட வேண்டியவர் விற்றவர். சில்லு இல்லாத பாஸ்போர்ட்டை இந்தப் பை எதிலிருந்து காக்கிறது என்று எழுத்து மூலம் கேட்டு, 7,200 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். தவறான விளம்பரம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

குழுச் சுற்றுலாவில் மேலாளர் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் ஒரே பையில் போட்டுக் கரைக்கும் தூக்கி வருகிறார். பாதுகாப்புக்கு என்கிறார். (சேலம் வாசகர்)

திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 17-இன்படி அது இந்திய அரசின் உடைமை. உங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், மேலாளரிடம் அல்ல. அந்த ஒரு பை தொலைந்தால் குழு முழுவதும் தூதரக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

புக்கெட்டில் கப்பல் நின்றபோது, படோங் கடற்கரையில் என் மகன் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுத்து ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தான். திருப்பிக் கொடுத்தபோது ஏதோ கீறலைக் காட்டி 12,000 பாட் கேட்டார்கள். கப்பலுக்குக் கடைசிப் படகு கிளம்பும் நேரமானதால் கொடுத்துவிட்டு வந்தோம். (தஞ்சாவூர் வாசகி)

அம்மா, உங்கள் மகன் மேல் கோபப்படாதீர்கள். கப்பல் பயணிக்கு நேரம் இல்லை என்பது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். பழைய கீறலுக்கு விலை வைக்கும் இந்த வியாபாரமே அதை நம்பித்தான் நடக்கிறது. தாய்லாந்தின் சுற்றுலாக் காவல் பிரிவுக்கு 1155 என்ற எண் உண்டு. அங்கேயே நின்று அந்த எண்ணை அழைத்திருந்தால், பல நேரங்களில் கேட்கும் தொகை அப்போதே குறையும். பணத்தை அட்டையில் செலுத்தியிருந்தால், இன்றே வங்கிக்கு எழுதி அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் திரும்பி வரும் என்று உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

அடுத்து போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முன்பணம் ரொக்கமாகக் கேட்கும் கடையைத் தேடுங்கள், பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையை விட்டு வெளியே வாருங்கள். வண்டியை எடுக்கும் முன் கடைக்காரர் கண் முன்பே அதைச் சுற்றிக் காணொளி எடுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், பயணக் காப்பீடும் கைவிரிக்கும்.

கேபின் லாக்கருக்கு ரகசிய எண்ணாகப் பிறந்த ஆண்டை வைக்கலாமா? (ஈரோடு வாசகர்)

வேண்டாம். கேபின் எண்ணும் வேண்டாம்.

பாஸ்போர்ட் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எதற்கு? (சென்னை வாசகர்)

பையோடு கைப்பேசியும் போனால் அந்தக் குழுவை எதில் திறந்து பார்ப்பீர்கள்? உங்கள் பிறந்த தேதியும் முகவரியும் இப்போது எத்தனை அத்தை மாமாக்களின் கைப்பேசிகளில் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். படத்தை அங்கிருந்து நீக்கிவிட்டு, உங்கள் மின்னஞ்சலில் சேமியுங்கள். பிறகு தெருமுனைக் கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுங்கள்.

நேப்பிள்ஸில் சிற்றுண்டிக் கடை நாற்காலியில் கைப்பையை மாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாஸ்போர்ட்டோடு பை இல்லை. கடை மீது வழக்குப் போடலாமா? (திருச்சி வாசகர்)

நாற்காலி மீதா போடப் போகிறீர்கள்?

அதே நேப்பிள்ஸில் ஸ்கூட்டரில் வந்த இருவர் என் தோள் பையை அறுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது. அன்று மாலையே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். காப்பீட்டு நிறுவனம் ‘கவனக்குறைவு’ என்று மறுத்தது. அதன் குறைதீர்ப்பு அதிகாரியும் மறுத்துக் கடிதம் அனுப்பி எட்டு மாதமாகிறது. (வேலூர் வாசகி)

உங்கள் கடிதத்தோடு வந்த ஆவணங்களை முழுவதும் படித்தேன். நேப்பிள்ஸில் இந்தியத் தூதரகம் இல்லாததால் ரோம் வரை போய், இந்தியா திரும்ப மட்டுமே செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் வாங்கி, மீதிப் பயணத்தையும் விசாவையும் இழந்து வந்திருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியாது என்பது அங்கே போன பிறகே பலருக்குத் தெரிகிறது.

காப்பீட்டு நிபந்தனைகளில் விலக்கப்பட்டிருப்பது பொது இடத்தில் கவனிப்பாரற்று விடப்பட்ட பை. உங்கள் பையோ தோளில் இருந்தது. அறுத்துப் பறித்தார்கள் என்று காவல் துறைப் புகாரிலேயே பதிவாகியிருக்கிறது. புகாரை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நிறைவேற்றியிருக்கிறீர்கள். இதைக் கவனக்குறைவு என்பவர்கள் பாலிசியை விற்றபோது இப்படியா பேசினார்கள்?

காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நடுவரான காப்பீட்டு ஒம்புட்ஸ்மனின் சென்னை அலுவலகத்துக்கு முறையிடுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. பாலிசி, புகார் நகலும் அதன் மொழிபெயர்ப்பும், தூதரக ரசீது, விமானச் சீட்டு, இரண்டு மறுப்புக் கடிதங்கள் ஆகியவற்றை இணையுங்கள். இறுதி மறுப்பு வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்; உங்களுக்கு நான்கு மாதமே மிச்சம் இருப்பதால், இந்த வாரமே அனுப்பிவிட்டு ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.