நின்றிருக்கும் மின்சார கார் ஏன் சத்தம் போடுகிறது?

கேள்வி: இரவில் பூட்டி நிறுத்திய கார், யாரும் தொடாமலே 'டொக்' என்கிறது. இரண்டு வாரமாக ஓர் இரவில் நாலைந்து தடவை. பெரிய பேட்டரி போய்விட்டது என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பெரிய பேட்டரியை விடுங்கள், சின்னதைப் பாருங்கள். அந்த 'டொக்' கன்டாக்டர் மூடும் சத்தம். காரை ஓட்டும் பெரிய பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் கனமான ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அது. சின்னதான 12 வோல்ட் பேட்டரி இறங்கும்போது கார் தானே விழித்து, கன்டாக்டரை மூடி, பெரியதிலிருந்து சின்னதை ஏற்றிக்கொள்ளும். எப்போதாவது கேட்டால் கவலை வேண்டாம். ஓர் இரவில் நாலைந்து தடவை என்றால் ஒன்று 12 வோல்ட் பேட்டரி சார்ஜைத் தாங்கவில்லை, அல்லது ஏதோ ஒரு சாதனம் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

முதலில் டேஷ்கேம் (முன்கண்ணாடி கேமரா), ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கருவி சொருகும் துளை) சொருகிய டிராக்கர் இரண்டையும் கழற்றுங்கள். போன் செயலியைத் திறந்து சார்ஜ் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் பல கார்கள் விழிக்கும், அதையும் நிறுத்துங்கள். இரண்டு இரவு கவனியுங்கள். சத்தம் தொடர்ந்தால், பானெட்டைத் திறந்துவைத்தே காரைப் பூட்டி, சில மணி நேரம் கழித்து 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். ஈய அமில பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் மாற்றும் வேளை வந்திருக்கலாம். 13.5-க்கு மேல் காட்டினால் கார் அப்போது அதை ஏற்றிக்கொண்டிருக்கிறது, பொறுத்து மறுபடி அளங்கள். லித்தியம் 12 வோல்ட் உள்ள கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: வேகமாக சார்ஜ் ஏற்றும்போது முன்பக்கம் விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல்.

பதில்: ரேடியேட்டர் விசிறியும் கம்ப்ரஸரும் பேட்டரியைக் குளிர்விக்கின்றன. இயல்பு.

கேள்வி: டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொளகொளக்கிறது. மூன்று முறை காட்டியும் 'மின்சார கார் என்றால் இப்படித்தான்' என்று அனுப்பிவிட்டார்கள். வாரன்டி முடிய இரண்டு மாதம்.

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) சுற்றில் காற்று சிக்கினால் இப்படிக் கொளகொளக்கும். கார் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் எங்கோ கசியலாம். அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் காற்றை வெளியேற்ற வேண்டும். சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் கருவி வழியாகப் பம்பை ஓடவிட்டுச் செய்யும் வேலை அது. பம்ப் கெட்டது என்று நம்பிப் புதுப் பம்புக்குக் காசு அழுதவன் நான். காற்றை எடுத்த பிறகுதான் அடங்கியது. நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். சில மாடல்களுக்கு மின்கடத்தல் குறைந்த தனி கூலன்ட் வேண்டும்.

'இப்படித்தான்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம் வருகிறது. இன்ஜின் இரைச்சல் இல்லாத காரில் சின்னச் சத்தமும் காதில் விழும், உண்மைதான். அதற்காகக் கேட்காமலே தீர்ப்பு சொல்லலாமா? காரின் இயல்பு என்றால் அதே மாடலின் இன்னொரு காரிலும் அது கேட்க வேண்டும். பக்கத்தில் நிறுத்தி, அதே நிலையில் இரண்டையும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். எப்போது வருகிறது, எத்தனை விநாடி, ஹீட்டர் ஓடுகிறதா, சார்ஜில் இருக்கிறதா என்று எழுதி, போனில் பதிவுசெய்து, புகாரை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுத் தாள்) ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரன்டிக்குள் பதிவான புகார் இருந்தால், பிறகு வந்த கோளாறு என்று அவர்கள் தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி: படத்தைப் பார்த்தே முழுப் பணமும் கட்டிப் பழைய கார் வாங்கினேன். ஏசி போட்டால் நிற்கும்போதே ஸ்டியரிங் அதிர உறுமுகிறது.

பதில்: பத்து நிமிடம் காரில் உட்கார்ந்து ஏசியைப் போட்டிருந்தால் வாங்குமுன்பே கேட்டிருக்கும். இத்தனை பெரிய தொகைக்கு அந்தப் பத்து நிமிடம்கூட இல்லையா?

விசிறியை ஓடவிட்டு ஏசி பட்டனை மட்டும் அணையுங்கள். உறுமல் நின்றால் கம்ப்ரஸர் பக்கம். விசிறி வேகத்தோடு ஏறி இறங்கினால் ப்ளோவரில் (உள்ளே காற்றூதும் விசிறி) இலை தழை சிக்கியிருக்கலாம். கம்ப்ரஸர் என்றால் முதலில் அதைத் தாங்கும் ரப்பர்களையும், பிறகு ஏசி கேஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு யாராவது கேஸ் நிரப்பினார்களா என்று விற்றவரைக் கேளுங்கள். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் உள்ளே போகலாம்; பெரும்பாலான மின் கம்ப்ரஸர்களுக்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான். சாதாரண கார் ஏசியின் பிஏஜி எண்ணெய் கலந்தால் இன்சுலேஷன் கெட்டு, கார் கிளம்பவே மறுக்கலாம். ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் வோல்டேஜ், அவற்றில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

கேள்வி: நின்றபடி பிரேக்கை அழுத்தினால் 'கிர்ர்' என்கிறது.

பதில்: பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்காகக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் உள்ள காரில், அது சில விநாடி ஓடி நின்றால் சரி. மிதிக்காமலே திரும்பத் திரும்ப ஓடினால் குழாயிலோ வால்விலோ பூஸ்டரிலோ காற்று கசிகிறது. பிரேக் விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ரிவர்ஸ் போட்டு நின்றாலே ரீங்காரம். அதன் ஒயரைப் பிடுங்கலாமா?

பதில்: கூடாது. பாதசாரிகளுக்கான எச்சரிக்கை ஒலி அது. ஐ.நா. விதி 138 மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை அந்த ஒலி வேண்டும் என்கிறது; அமெரிக்க விதி 141, பார்க்கில் இல்லாமல் நின்றாலும் ஒலிக்கச் சொல்கிறது. பார்வையற்றவர்கள் அதை நம்பித்தான் சாலையைக் கடக்கிறார்கள்.

கேள்வி: சார்ஜில் இருக்கும்போது அடியில் 'பட் பட்' என்று வெடிக்கும் சத்தம். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: கூடவே சீறலோ புகையோ இனிப்பு வாடையோ வந்தால் கடிதம் எழுத நேரமில்லை. சார்ஜரைப் பிடுங்கவும் போகாதீர்கள். எல்லோரையும் 15 மீட்டராவது தள்ளிக் கூட்டிப்போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, மின்சார கார் என்று முதலிலேயே சொல்லுங்கள். புகையும் வாடையும் இல்லாமல், சார்ஜ் முடிந்து ஆறும்போது மட்டும் மெல்ல 'டிக் டிக்' என்றால் சூடான தகடு சுருங்குகிறது, அவ்வளவே.