ஆங்கிலத்தில் ‘டானிபுரூக்’ (donnybrook) என்றால் ஓடையா, சண்டையா?

சண்டைதான். அதுவும் பலர் கலந்துகொண்டு கூச்சலும் கும்மாங்குத்துமாகப் போடும் அடிதடி. ஐஸ் ஹாக்கிச் செய்தியில் இந்தச் சொல் வந்தால், தமிழில் ‘களத்தில் கைகலப்பு’ என்று எழுதினால் போதும்.

ஆங்கிலத்தில் ‘புரூக்’ (brook) என்றால் ஓடை; அப்படிப் பிரித்தால் குழப்பம்தான் வரும். இது அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள ஓர் ஊரின் பெயர். ஐரிஷ் மூலத்துக்கு ‘புனித புரோக்கின் தேவாலயம்’ என்று பொருள். பக்கத்திலேயே டாடர் ஆறு ஓடுவது வேறு நம்மை ஏமாற்றும்!

1204-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் அந்த ஊரில் சந்தை நடத்த உரிமை கொடுத்தார். போகப் போகக் குதிரை வியாபாரத்தைவிடக் குடிக்கூடாரங்களும் தடிச்சண்டையும்தான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, சந்தை உரிமையையே விலைக்கு வாங்கி 1855-இல் மூடினார்கள். சந்தை போயிற்று, பெயர் மட்டும் அடிதடிக்கு நின்றுவிட்டது.

ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பாருங்கள். வாக்கிய நடுவில் பெரிய எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் ஊர், சிறிய எழுத்தென்றால் சண்டை.

ஒரு எச்சரிக்கை: இதில் லேசான கேலி உண்டு. உயிர்ச்சேதம் நடந்த கலவரத்துக்குப் போடாதீர்கள். காரசாரமான அரசியல் வாக்குவாதத்துக்கும் இதைச் சொல்வார்கள், அப்போது ‘கைகலப்பு’ பொருந்தாது, ‘அமளி’ சரி.