தெர்மாகோல் குன்று ஏன் கரைந்தது?

நண்பரே, டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலில், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காகப் போர்க்களக் குன்று செதுக்கியதாகவும், ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும் அது குழிகுழியாகக் கரைந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைவேலையில் குறை இல்லை. ஸ்ப்ரேயில் இருக்கும் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள், தெர்மாகோல் செய்யப்படும் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும்.

அடுத்த முறை முதலில் ஒரு கவசப் பூச்சு கொடுங்கள். ஃபெவிக்கால் இரண்டு பங்கு, கறுப்பு அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்கு, சிறிது தண்ணீர். தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் தூரிகையைக் குத்திக் குத்திப் பூசுங்கள். இரவு முழுக்கக் காயட்டும்; மறுநாள் இன்னொரு பூச்சு. ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தாலும் ஸ்ப்ரே அதன் வழியே உள்ளே புகுந்துவிடும். அதனால் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை. சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்த்தாலே பாறை எழுந்து நிற்கும்.

கரைந்த குன்றைத் தூக்கி எறியாதீர்கள்! அந்தக் குழிகளில் ஃபெவிக்கால் தடவி, சலித்த மணலைத் தூவுங்கள். 28 மி.மீ. அளவு பொம்மை வீரர்களுக்கு அவை அருமையான குண்டுப் பள்ளங்கள். துண்டுகளை ஒட்டவும் ஃபெவிக்காலே போதும். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.