மாத்திரையா, மனமா, தைராய்டா?

கேள்வி: வயது 58. மூன்று மாதமாகக் கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் மாடி ஏறினாலே தொடை கனக்கிறது, மாலையானால் ஒரே அசதி. மாத்திரைதான் காரணமா? நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டாடின் (உங்கள் மாத்திரை உட்பட, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை) சிலருக்குத் தசைவலியும் சோர்வும் தரும், உண்மைதான். ஆனால் எல்லாப் பழியும் அதன்மேல் விழுவதும் நியாயமில்லை. பக்கவிளைவால் ஸ்டாடினை விட்ட 60 பேரிடம் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது (முடிவு வந்தது 2020-இல்). மருந்தே இல்லாத போலி மாத்திரையிலும், ஸ்டாடினில் இருந்த தொந்தரவில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருந்தது! உங்கள் அசதி கற்பனை என்று சொல்லவரவில்லை. அசதி நிஜம், காரணம் வேறாக இருக்கலாம்.

நான் முதலில் கேட்பது தைராய்டு பரிசோதனை. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், உடம்பும் சோர்ந்துபோகும். ஸ்டாடினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும். அப்புறம் ரத்தத்தில் சி.கே. (தசை பாதிக்கப்பட்டால் ஏறும் ஒரு நொதி) அளவு. எல்லாம் சரி என்றால் டாக்டரே சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்; அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவார். ஸ்டாடின் அல்லாத, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் எசெடிமைப் போன்ற மாத்திரையும் உண்டு.

கடும் தசைவலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.