மீட்டு வந்த நாய் கட்டிலடியை விட்டு வராதது குறித்து

தன்னார்வலர்கள் காப்பகத்திலிருந்து மீட்டுத் தந்த நாய் மூன்று நாள்களாகக் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது, இரவில் மட்டும் சாப்பிடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். ஓயாத குரைப்பொலிக்கு நடுவே கம்பிக் கூண்டில் இருந்துவிட்டு வந்த நாய்க்கு, நீங்கள் நாற்காலியை நகர்த்தும் சத்தம்கூடப் புதிது. யாரும் பார்க்காத நேரத்திலாவது அது சாப்பிடுவதை நல்ல அறிகுறியாகவே நான் கருதுகிறேன். அதைக் கையால் பிடித்து இழுக்காமல், முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள்; ஒரு நாள் ஈர மூக்கு உங்கள் முழங்கையைத் தொடும், அப்போதும் திரும்பிப் பார்க்காதீர்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால், பார்வோ என்ற, நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் தொற்றின் அறிகுறிகள் வெளிப்பட 14 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், அதுவரை இரண்டையும் பிரித்தே வையுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, மீட்டுத் தந்தவர்களுக்கும் தெரிவியுங்கள்.