டெல்லியில் ஒரே ஒரு பகல், அதுவும் திங்கட்கிழமை

கேள்வி: காசிக்குப் போய்த் திரும்பும் வழியில் டெல்லியில் ஒரு பகல் கிடைக்கிறது. பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் புது டெல்லி நிலையத்தில் இறங்குகிறோம். சென்னைக்கு வண்டி இரவு ஒன்பதுக்கு மேல். நான், கணவர், பத்து வயது மகன், முழங்கால் வலி உள்ள மாமியார், ஆக நாலு பேர். செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை, பிர்லா மந்திர், காந்தி நினைவில்லம், குதுப் மினார், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, அக்ஷர்தாம் என்று பதினோரு இடம் எழுதி வைத்திருக்கிறேன். சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிடலாமா, நாங்களே சுற்றலாமா? (தஞ்சாவூர் வாசகி ஒருவர்)

பட்டியலைக் கையில் எடுத்து முதலில் நாலு பெயர்களை அடித்துவிடுங்கள். செங்கோட்டை, காந்தி நினைவில்லம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் நான்குக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய அருங்காட்சியகமும் அன்று திறக்காது. இது தெரியாமல் செங்கோட்டை வாசலில் குழந்தையோடு வந்து நிற்கும் நம் ஊர்க் குடும்பங்களைத் திங்கள்தோறும் பார்க்கலாம். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

மிச்சம் ஏழு. அதிலும் மூன்றைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஜும்மா மசூதி இருக்கும் பழைய டெல்லி. காரணம் உங்கள் மாமியாரின் முழங்கால் மட்டும் இல்லை. டெல்லியில் ஓர் இடத்தைப் 'பார்ப்பது' என்றால், வண்டியை விட்டு இறங்கி நடப்பது, பாதுகாப்புச் சோதனை, டிக்கெட், கழிப்பறை, திரும்பி வந்து வண்டி தேடுவது என்று இடத்துக்கு முக்கால் மணி நேரம் சும்மாவே போய்விடும். ஏழு இடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வாசல்களிலேயே கழியும். சுற்றுலாப் பேருந்தை வேண்டாம் என்பதும் இதனால்தான். இறங்கு, அரை மணியில் வா, ஏறு என்று நாள் முழுக்க நடக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடையைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் கொடுமை.

இந்த மூன்றையும் எந்த வரிசையில் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெல்லி ஒரே ஊர் இல்லை. ஒவ்வோர் அரச மரபும் பழைய ஊரை விட்டு விலகிப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டதால், பல தலைநகரங்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கும் சமவெளி இது. மூத்த நகரம் தெற்கே குதுப் மினார் பக்கம், முகலாயர்களின் கடைசித் தலைநகரமான ஷாஜகானாபாத், அதாவது இன்றைய பழைய டெல்லி, வடக்கே. தெற்கில் தொடங்கி வடக்கே வந்தால் 1199, 1565, 1639 என்று காலமும் வரிசையாக வரும், நாள் முடியும்போது உங்கள் ரயில் நிலையமும் இரண்டு மெட்ரோ நிறுத்தத்தில் இருக்கும். மஞ்சள் மெட்ரோத் தடம் கிட்டத்தட்ட இதே கோட்டில் ஓடுவது உங்கள் அதிர்ஷ்டம்.

காலையில் இறங்கியதும் பெட்டிகளை நிலையத்தின் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், அதனால் சிறு பூட்டுகள் நாலைந்து காசியிலேயே வாங்கி வந்துவிடுங்கள். பயணச்சீட்டையும் காட்டச் சொல்வார்கள். குளித்துக் கிளம்ப வேண்டும் என்றால், உங்கள் பி.என்.ஆர். எண்ணை வைத்து நிலையத்தின் ஓய்வறையை முன்பே இணையத்தில் பதிவு செய்யலாம். மாமியாருக்காக அந்தச் செலவைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம், அதாவது 16ஆம் பிளாட்பாரம் பக்கம். பஹாட்கஞ்ச் பக்கம் வெளியே வந்துவிட்டால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். வழியில் யாராவது வந்து, 'உங்கள் வண்டி ரத்து', 'மெட்ரோ இன்று ஓடவில்லை', 'சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள்' என்றால் நின்று பேசவே வேண்டாம். நல்ல ஆங்கிலத்தில், அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பேசுவார்கள். அதிலேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஏழே முக்காலுக்கு மெட்ரோ ஏறினால் அலுவலகக் கூட்டத்துக்கு முன்பே, அரை மணி போல ஆகி, குதுப் மினார் நிலையத்தில் இறங்கிவிடலாம். டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். நிலையங்களில் லிஃப்ட் உண்டு. நிலையத்திலிருந்து மினார் ஒன்றரைக் கிலோமீட்டர், ஆட்டோ பிடியுங்கள். குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் டிக்கெட்டை முன்னாலேயே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். 15 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, எனவே மூன்று பேருக்கு எடுத்தால் போதும்.

மினார் சுமார் 73 மீட்டர் உயரம். உள்ளே 379 படிகள் இருந்தாலும், 1981இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு ஏற விடுவதில்லை. பையனிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் இருக்காது. அவனுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. மினாரை ஒட்டியிருக்கும் பழைய மசூதியின் முற்றத்தில் ஏறத்தாழ 1,600 ஆண்டுக் கால இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது. ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, இத்தனை மழைக்கும் துருப்பிடித்து அழியவில்லை. அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் உருவான மெல்லிய படலம்தான் துருவைத் தடுக்கிறது. இப்போது சுற்றிலும் வேலி. அந்த முற்றத்துத் தூண்களைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில்களை இடித்து எடுத்து வந்த தூண்கள் அவை. மணியும் சங்கிலியும் பூவேலையும் இன்னும் தெரியும். நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் வளர்ந்த கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும்.

அலாய் தர்வாஸா என்ற நுழைவாயிலிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அலாவுதீன் கில்ஜி 1311இல் கட்டியது. அதே ஆண்டில்தான் அவருடைய படைத்தலைவர் மாலிக் காபூர் பாண்டிய நாட்டுக்குள் புகுந்து மதுரை வரை வந்தார். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது, அந்தச் சிவப்புக் கல்லின் கீழே நிற்கும்போது வேறு மாதிரி உறைக்கும். குதுப் வளாகம் பெரும்பாலும் சமதளம். மாமியார் நிதானமாக நடந்தாலும் ஒன்றரை மணியில் முடியும்.

அங்கிருந்து ஹுமாயூன் கல்லறைக்கு மட்டும் மெட்ரோ வேண்டாம். தடம் மாறி, இறங்கி, மறுபடி ஆட்டோ பிடித்து என்று அலைச்சல். செயலியில் டாக்ஸி போடுங்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல், நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி.

நாளின் நடுப்பகுதியை, குறைந்தது இரண்டு மணி நேரத்தை, இங்கே வையுங்கள். டெல்லியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஹுமாயூன் 1556இல் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்தார். அவர் மனைவி பேகா பேகம் 1565இல் கட்டத் தொடங்கியது இந்தக் கல்லறை. வரைந்தவர் பாரசீகத்திலிருந்து வந்த மிராக் மிர்ஸா கியாத். தாஜ்மகால் வேலை தொடங்கியதே 1632இல்தான். நாலாகப் பகுத்த தோட்டம், நடுவே உயர்ந்த மேடை, மேலே பெரிய வெண்பளிங்குக் குவிமாடம் என்ற அமைப்பு இங்கே முதலில் முழுமையாக வந்தது. ஆக்ரா போக முடியவில்லையே என்ற குறை இங்கே பாதி தீரும். இன்னொன்றும் உண்டு. 1857இல் ஆங்கிலேயரிடம் டெல்லி விழுந்தபோது கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜாஃபர் வந்து ஒளிந்ததும், பிடிபட்டதும் இந்தக் கல்லறையில்தான். பிறகு ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள், அங்கேயே இறந்தார். தன் மூதாதையின் சமாதியில் வந்து அடைக்கலம் தேடிய 80 வயது கடந்த கிழவரை நினைத்துக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழையுங்கள்.

மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, ஒவ்வொன்றும் உயரம் அதிகம். மாமியார் ஏற வேண்டாம். நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் ஈசா கானின் எண்கோணக் கல்லறை 1547இல் கட்டியது, ஹுமாயூன் கல்லறையைவிட மூத்தது. அதை அவர் கீழிருந்தே சுற்றிப் பார்க்கலாம். பிறகு தோட்டத்து மரநிழலில் ஒருவர் துணைக்கு உட்கார்ந்துகொள்ள, மற்ற இருவரும் மேலே போய் வந்து ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பிப்ரவரி வெயிலில் அந்தப் புல்வெளியில் உட்காருவதே சுகம்தான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கனாட் பிளேஸ் போங்கள். நம்மூர்ச் சாப்பாடு, இட்லி தோசை கிடைக்கும் கடைகள் அங்கும் ஜன்பத் பக்கமும் உண்டு. டாக்ஸிக்காரரிடம் இந்தியா கேட் வழியாகப் போகச் சொன்னால், அந்த வட்டச் சாலையில் சுற்றும்போதே 42 மீட்டர் வளைவைப் பார்த்துவிடலாம். இறங்காதீர்கள், இறங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும். சாப்பிட்ட கையோடு இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். காசிப் பயணம் முழுக்கப் பூரியும் கச்சோரியும் தின்ற வயிற்றுக்கு ரயிலில் அதுதான் மருந்து.

மூன்று மணி வாக்கில் கனாட் பிளேஸின் மெட்ரோ நிலையமான ராஜீவ் சௌக்கில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சாந்தினி சௌக். பெரிய வீதியில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகள் கிடையாது, சைக்கிள் ரிக்‌ஷாதான். இருக்கை உயரமாக இருக்கும். கடைப்படியோ திண்டோ பார்த்து ஓரமாக நிறுத்தச் சொல்லி மாமியாரை ஏற்றுங்கள். கூலியை ஏறும் முன்பே பேசுங்கள், 'ஆளுக்கா, மொத்தமாகவா' என்றும் கேட்டுவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான்.

முதலில் சீஸ்கஞ்ச் குருத்வாரா. 1675இல் ஔரங்கசீப் காலத்தில் சீக்கிய குரு தேக் பகதூரின் தலையை வெட்டிய இடம். தலையை மூடிக்கொள்ளத் துணி அங்கேயே தருவார்கள். உள்ளே கீர்த்தனை ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் மாமியார் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார் பாருங்கள். அடுத்து ஜும்மா மசூதி, ஷாஜகான் 1656இல் கட்டி முடித்தது. தொழுகை நேரத்தில் மற்றவர்களை உள்ளே விடுவதில்லை, எனவே மாலைத் தொழுகை எத்தனை மணிக்கு என்று வாசலில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மூன்று வாசலிலுமே முப்பதுக்கு மேல் படிகள். மாமியாருக்குக் கீழிருந்து பார்ப்பதே போதும். பையனுக்குத் தரீபா தெரு முனையில் நெய்யில் பொரித்த தடித்த ஜிலேபி.

ஐந்தரைக்குச் செங்கோட்டை முன்னால் வந்துவிடுங்கள். உள்ளே போக முடியாததில் பெரிய நஷ்டம் இல்லை. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை இடித்துப் படைக் கொட்டடி கட்டிவிட்டார்கள். ஆனால் லாகூர் வாசல் மேற்குப் பார்த்தது. பிப்ரவரியில் ஆறு மணிக்குச் சூரியன் இறங்கும்போது அந்த நீண்ட மதில் முழுக்க வெயில் விழும். வாசலுக்கு எதிரே அரை மணி நில்லுங்கள். பிறகு சாந்தினி சௌக்கிலிருந்து புது டெல்லி இரண்டே நிறுத்தம். மாலைக் கூட்டம் மோசமாக இருக்கும், மாமியாரும் நீங்களும் முதல் பெட்டியில் ஏறுங்கள், அது பெண்களுக்கானது. இறங்குவது இரண்டாவது நிறுத்தம் என்று ஆண்களிடம் சொல்லிவிட்டால் போதும்.

காசி வண்டி தாமதமானால்? பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்தால் குதுப் மினாரைத் தயங்காமல் விட்டுவிட்டு நேரே ஹுமாயூன் கல்லறைக்குப் போங்கள். மற்ற இரண்டையும் அவசரப்படுத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை: சென்னை வண்டி எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது? புது டெல்லியிலிருந்தும் உண்டு, ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்தும் உண்டு. இரண்டும் வேறு வேறு இடம். நிஜாமுதீன் என்றால் மேலே சொன்ன வரிசையை மாற்றுங்கள். காலையில் பெட்டிகளை டாக்ஸியில் நிஜாமுதீன் கிளோக் ரூமில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பழைய டெல்லியை முதலில் பாருங்கள். கடைகள் திறந்திருக்காது, ஆனால் மசூதியும் குருத்வாராவும் அமைதியாக இருக்கும். மதியம் குதுப் மினார். ஹுமாயூன் கல்லறை கடைசியில், ஏனென்றால் நிஜாமுதீன் நிலையம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பயணச்சீட்டை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.