பிளஃப் எப்போது அடிப்பது? கேள்வி பதில்

ஞாயிறு ஆட்டம் முடிந்தால் கேள்விகள் ஆரம்பிக்கும். இந்த வாரம் நிறையச் சேர்ந்துவிட்டன, அதனால் மொத்தமாக எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஆடுகிறோம். நோ-லிமிட் ஹோல்டெம்: கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் வைக்கலாம் என்ற போக்கர். பிளஃப் என்றால் மோசமான கையோடு பந்தயம் வைத்து எதிராளியைச் சீட்டை மடக்கவைப்பது. காசு கிடையாது, ஆளுக்கு 500 புளியங்கொட்டை.

கோட்டையூர் தம்பி: கையில் ஒன்றும் இல்லாதபோதுதானே பிளஃப்? அப்புறம் எந்தச் சீட்டு வைத்திருந்தால் என்ன?

அங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள் தம்பி. போன ஞாயிறு நடந்த ஒரு கையையே சொல்கிறேன்.

எங்களோடு ஆடும் ஆச்சி ஒருவரிடம் இஸ்பேட் ஏஸும் டைமண்ட் ராணியும். ஃபிளாப்பில் (மேஜையில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டு) இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் நாலு. பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத்தில், 60 கொட்டை. ஆச்சி 30 வைத்தார், எதிரில் ஒருவர் மட்டும் கால் பண்ணினார், அதாவது அதே 30-ஐ வைத்தார். டர்னில் (நாலாவது சீட்டு) இஸ்பேட் ரெண்டு. இப்போது ஆச்சிக்கு இன்னும் ஒரே ஒரு இஸ்பேட் வந்தால் ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனம்), அதுவும் ஏஸோடு. மீதியிருக்கும் 46 சீட்டில் 9 இஸ்பேட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. 80 வைத்தார், மறுபடி கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஆர்ட்டின் ஜாக்கி. ஒன்றும் சேரவில்லை. பாட்டில் 280.

ஆச்சி கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி, 21 சின்னக் குவியலை நடுவில் தள்ளினார். 210. எதிரில் இருந்தவர் ராஜா ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, ஃபோல்ட் பண்ணிவிட்டார், அதாவது சீட்டை மடக்கிவிட்டார்.

ஏன் பலித்தது? இஸ்பேட் ஏஸ் ஆச்சி கையில் இருக்கும்போது எதிராளியிடம் ஆகப் பெரிய ஃபிளஷ் இருக்கவே முடியாது. டர்னில் மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் பந்தயத்தை ஏற்றியவர், ஃபிளஷ் கிடைத்தவர் எப்படி ஆடுவாரோ அப்படியே ஆடியிருக்கிறார். ஆரம்பம் முதல் கதை ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தது. பிறகு கேட்டேன். "கடைசியில தோணினது இல்ல. இஸ்பேட் வராட்டி இப்படித்தான்னு டர்ன்லயே முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

கணக்கையும் பாருங்கள். 280-ஐ எடுக்க 210-ஐப் பணயம் வைக்கிறார். 210-ஐ 490-ஆல் வகுத்தால் 43 சதவீதம். எதிராளி நூற்றுக்கு 43 முறைக்கு மேல் மடக்கினால் லாபம். ஒற்றை ராஜா ஜோடியோடு இருப்பவர் அந்த இடத்தில் பாதிக்கு மேல் மடக்குவார் என்பது ஆச்சியின் மதிப்பீடு.

பள்ளத்தூர்: பாதி பாட், முழு பாட் வைத்தால் எத்தனை முறை மடக்க வேண்டும்?

வைப்பதை, வைப்பதும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுங்கள். பாதி பாட்டுக்கு மூன்றில் ஒரு முறை. முழு பாட்டுக்கு இரண்டில் ஒரு முறை. இரட்டை பாட்டுக்கு மூன்றில் இரண்டு முறை.

புதுவயல்: சுமாரான ஜோடி இருக்கிறது, ஜெயிக்குமா தெரியவில்லை. பிளஃப் அடிக்கலாமா?

வேண்டாம். கணித மேதை ஜான் வான் நியூமன் போக்கரைச் சுருக்கி, எளிய ஆட்டமாக்கிக் கணக்குப் போட்டார். அதில் வந்த விடை: பந்தயம் வைக்க உகந்தவை மிக நல்ல கையும் மிக மோசமான கையும். நடுவில் இருக்கும் கையைச் செக் செய்ய வேண்டும், அதாவது பந்தயம் வைக்காமல் விட வேண்டும். கடைசியில் சீட்டைக் காட்டும்போது சுமாரான ஜோடி அவ்வப்போது ஜெயிக்கும். அதை வைத்து பிளஃப் அடித்தால், உங்களைவிட மோசமானவர் மடக்குவார், நல்ல கை உள்ளவர் மட்டும் கூட வருவார்.

கண்டனூர்: மூன்று பேர் கூட வந்திருக்கும்போது?

கூடாது. ஒருவரை மடக்கவைப்பது வேறு, மூவரையும் ஒரே நேரத்தில் மடக்கவைப்பது வேறு. ஒவ்வொருவரும் பாதி முறை மடக்குவார் என்றே வைத்துக்கொண்டாலும், மூவரும் சேர்ந்து மடக்குவது எட்டில் ஒரு முறைதான்.

தேவகோட்டை அண்ணன்: இத்தனை கணக்கு எதற்கு? எதிராளி முகத்தைப் பார்த்தால் தெரியாதா? நம் பாட்டன்மார் பர்மாவில் ஆள் முகத்தைப் பார்த்தே கடன் கொடுத்தார்கள்.

அண்ணே, ஆளைப் பார்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேரேடு எழுதாமல் கொடுத்தார்களா? வாங்கியவன் போன தவணையை எப்போது கட்டினான், எவ்வளவு பாக்கி, எல்லாம் ஏட்டில் இருந்தது. மேஜையிலும் அதேதான். ஃபிளாப்பில் எவ்வளவு வைத்தான், டர்னில் ஏன் செக் செய்தான், இதுதான் அவனுடைய பேரேடு. முகத்துக்கு அப்புறம் வரலாம்.

தேவகோட்டை அண்ணன் மறுபடி: ஏட்டில் பொய்க் கணக்கும் எழுதலாமே. கை நடுங்குவது பொய் சொல்லாது.

கை நடுங்குகிறவரிடம் பெரும்பாலும் நல்ல சீட்டு இருக்கும் அண்ணே. பயத்தில் நடுங்குகிறார் என்று நினைத்துக் கால் பண்ணி இழந்தவர்களை எங்கள் முகப்பிலேயே பார்த்திருக்கிறேன். முகத்தை நம்புவதில் இந்தச் சிக்கல் இருக்கிறது: குறி தெரியும், அதன் பொருளை நாம் தலைகீழாக எடுத்துக்கொள்வோம்.

கானாடுகாத்தான் அக்கா: அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. தெரிந்தவர்களோடே வருடக்கணக்கில் ஆடும்போது பழக்கம் தெரிந்துவிடுமே.

உண்மை அக்கா, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது முகம் அல்ல, பழக்கம். இவர் ஜோடி கிடைத்தால் மடக்கவே மாட்டார், அவர் பெரிய தொகைக்குப் பயப்படுவார் என்பதெல்லாம் பத்து ஆட்டம் கவனித்தால் தெரியும். பிளஃப் முடிவில் எனக்கு மிகப் பெரிய விஷயமே அதுதான்: மடக்கத் தெரியாதவரிடம் பிளஃப் அடிக்காதீர்கள். கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்காதவரிடம் சொல்லிப் பயனில்லை. உங்களுக்கு நல்ல கை வரும்வரை காத்திருந்து அவரிடம் பெரிதாக வையுங்கள்.

தேவகோட்டை அண்ணன் மூன்றாம் முறை: 2003 உலகப் போக்கர் தொடரில் மணிமேக்கர் அடித்த பிளஃப்? அங்கே எந்தப் பேரேடு?

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள் அண்ணே, அதில் பேரேடு முழுசாகவே இருக்கிறது. லாஸ் வேகாஸில் கடைசி இருவராக கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபார்ஹாவும். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். டர்ன் வரை வந்த சீட்டுகள் ஒன்பது, ரெண்டு, ஆறு, எட்டு, அவற்றில் மூன்று இஸ்பேட். அவருக்கு ஸ்ட்ரெயிட்டுக்கும் (ஐந்து சீட்டு வரிசையாக) வாய்ப்பு, ஃபிளஷுக்கும் வாய்ப்பு. அதனால் டர்னிலேயே ரெய்ஸ் பண்ணினார், ஃபார்ஹாவின் பந்தயத்துக்கு மேல் ஏற்றினார். இதைத்தான் செமி-பிளஃப் என்கிறோம்: மடக்கினாலும் லாபம், மடக்காவிட்டாலும் இன்னொரு சீட்டு பாக்கி இருக்கிறது. ரிவரில் ஒன்றும் சேரவில்லை, ஃபார்ஹா செக் செய்தார், இவர் ஆல்-இன், இருந்ததை எல்லாம் வைத்தார். ஒன்பது ஜோடியோடு இருந்த ஃபார்ஹா மடக்கினார். ரிவரில் மட்டும் திடீரென்று தள்ளியிருந்தால் யார் நம்புவார்? டர்ன் ரெய்ஸ்தான் அந்தக் கதையைத் தாங்கியது. மணிமேக்கர் ஜெயித்த அந்தப் பட்டத்துக்குப் பரிசு 25 லட்சம் டாலர்.

அதோடு, ஃபார்ஹா மடக்கத் தெரிந்த ஆட்டக்காரர். சீட்டே விளையாடத் தெரியாத ஒருவர் அங்கே இருந்திருந்தால் ஒன்பது ஜோடியோடு கால் பண்ணியிருப்பார்.

அரியக்குடி: மூணு சீட்டில் பிளைண்டாக, சீட்டைப் பார்க்காமலே, ஏற்றிக்கொண்டே போய் எல்லோரையும் விரட்டுவேன். இதிலும் செய்யலாமா?

மூணு சீட்டில் உங்கள் சீட்டு யாருக்கும் தெரியாது. இதில் ஐந்து சீட்டு மேஜையில் மல்லாந்து கிடக்கிறது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் உங்களை நம்புவார்கள். சும்மா ஏற்றினால் இரண்டு சுற்றில் பிடித்துவிடுவார்கள்.

செட்டிநாடு, காரைக்குடி, மறுபடி கோட்டையூர்: பத்துக் கைக்கு எத்தனை முறை பிளஃப் அடிப்பது?

மூன்று பேருக்கும் ஒரே பதில். இப்படி எண்ணிக்கை வைத்து ஆடவே முடியாது. ரிவரில் முழு பாட் வைக்கும்போது இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப், பாதி பாட்டுக்கு மூன்றுக்கு ஒன்று. கணக்கில் சரியாக வரும் விகிதம் இது. அதுவும் எதிராளி மடக்கத் தெரிந்தவராக இருந்தால்.

இன்னொரு கோட்டையூர்: எத்தனை முறை...

மேலே பாருங்கள்.

நாச்சியாபுரம்: ஆன்லைனில் பணம் வைத்துப் பழகலாமா?

வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழக வேண்டுமானால் புளியங்கொட்டை போதும். இழக்கப் பயந்து ஆடுகிறவர் எந்த பிளஃபையும் சரியாகக் கணக்குப் பார்க்க மாட்டார்.

குன்றக்குடி தம்பி: பிளஃப் மாட்டிக்கொண்டது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

அன்று முழுக்க உங்கள் பந்தயத்தை நம்ப மாட்டார்கள் தம்பி. நல்ல கை வரும்போது வழக்கத்தைவிடப் பெரிதாக வையுங்கள், கால் பண்ணுவார்கள். அடுத்த பிளஃபை அடுத்த ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.